தம்பி பூட்டிய கேட்டும் நான் எடுத்த வழியும்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன். எழுத்தில் பிழை இருந்தால் போதகர் ஐயா திருத்திக்கொள்ளட்டும். நடந்ததில் பிழை கிடையாது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மாதம், அடைமழை நேரம். ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் என் சொந்தத் தம்பி சாமுவேல், நாங்கள் காலங்காலமாக நடந்த பாதையில் இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட்டான். அந்தப் பாதைதான் ரோட்டிலிருந்து என் இடத்துக்கு நேராக வருகிற ஒரே வழி. அது போனால் என் பிழைப்பே போனது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஆசீர்வாதம் மேஸ்திரி. சித்தாளாகச் செங்கல் சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியானவன். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் நீங்கள் பார்க்கிற கம்பெனி காம்பவுண்டுச் சுவர்களில் பலது என் தூக்குக்குண்டு பார்த்து எழும்பியது. ஒன்றாவது சாய்ந்திருக்கிறதா, போய்ப் பாருங்கள். இன்ஜினியர்கள் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு "மேஸ்திரி, இது சரியா வருமா?" என்று என்னைக் கேட்பார்கள். யாரிடமும் ஒரு ரூபாய் உதவி வாங்காமல், என் நிலத்தில் வரிசையாக ரூம்கள் கட்டி, கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டேன். எல்லாம் தென்மாவட்டத்துப் பையன்கள். ஒரு ரூமில் நாலைந்து பேர்.

இப்போது அந்த நிலத்தின் கதை. எங்கள் பக்கத்தில் பாகம் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். அப்பா இறந்த பிறகு நான்தான் பிரித்தேன். ரோட்டை ஒட்டின முன்பாகம் ஒன்று. சரளைக்கல், முள்செடி, புல்கூட முளைக்காது. பின்பாகம் ஒன்று. அதில் கிணறு, நெல் விளைகிற மண். சாமு கிணற்றைத்தான் எடுப்பான் என்று ஊரே நினைத்தது. அவன் சரளைக்கல்லை எடுத்தான். "உனுக்குப் புள்ளைங்க ஜாஸ்தி, கெணறு நீ வச்சிக்கோண்ணா" என்றான். எல்லோரும் அவனைப் புகழ்ந்தார்கள். நானும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

நாலைந்து வருஷம் போனது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது வாக்கில் கம்பெனிகள் வந்தன. ரோடு அகலமானது. கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடம் எது தெரியுமா? என் தம்பியின் சரளைக்கல்லுக்கு நேர் எதிரே! அவன் கிழக்கு ஓரமாக ஒரு டீக்கடை போட்டான். ஷிப்ட் மாறும்போதெல்லாம் கூட்டம். மேஸ்திரி வேலையில் நான் முதுகு ஒடிந்து சம்பாதித்ததை அவன் நின்ற இடத்தில் பாலை ஆற்றிச் சம்பாதித்தான். என் கிணற்றில் தண்ணீர் உப்பேறிப் போனது.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க மாட்டேன். எரியாமல் யாருக்கு இருக்கும்? பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அவன் கடைப் புகை தெரியும். அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டேதான் நான் காலைச் சாப்பாடு சாப்பிடுவேன். உள்ளே இறங்காது.

அப்படிப்பட்டவன்தான் கேட்டைப் பூட்டினான். அவன் பாகத்தில் மேற்கு ஓரமாக, அவன் வீட்டுச் சுவரை ஒட்டிப் போகிற அந்தப் பாதையில் எங்கள் அப்பா மாட்டுவண்டி ஓட்டினவர். காரணம் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பையன்கள் ஏரிக்கரையைச் சுற்றிப் போனார்கள். மழைச் சேற்றில் கால் புதைந்து, யூனிபார்ம் எல்லாம் சகதி. பஸ் போய்விடும். ஒரு சாயங்காலம் சாத்தூர்க்காரப் பையன் ஒருவன் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. பஸ்ஸ விட்டா அரை நாள் லீவு போட்டுருதாக. நாங்க தண்டலம் பக்கம் ரூம் பாத்துட்டோம்."

"ரூம்ல இன்னாடா கொறை?"

"ரூம் அரண்மனைதான் அண்ணாச்சி. வெளிய வரத்தான் வழி இல்ல."

ஒவ்வொரு ரூமாகப் பூட்டு தொங்கியது. நான் கோர்ட்டுக்குப் போனேன். பாதையைத் திறந்துவிட உத்தரவிட வேண்டும் என்று வக்கீல் வைத்து முன்சீப் கோர்ட்டில் கேஸ் போட்டேன். சாமு பதில் மனு போட்டான். அதில் என்ன எழுதியிருந்தான் தெரியுமா? "அந்த இடத்தில் எக்காலத்திலும் பாதையே இருந்ததில்லை." வக்கீல் படித்துக் காட்டியபோது என் காதை நானே நம்பவில்லை. சபையில் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்கிறவன் எழுதுகிற எழுத்தா இது?

வாய்தா, வாய்தா, வாய்தா. வெறும் காலோடு போய் வெறும் கையோடு வருவேன்.

எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே சபை. அவன் வலது ஓரம் உட்கார்ந்தால் நான் இடது ஓரம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவன் ஜெபித்தால் எல்லோரும் சத்தமாக ஆமென் சொல்வார்கள். என் ஜெபத்துக்கு அவ்வளவு சத்தம் வராது. அதையும் நான் கவனித்தேன். ஆண்டவரும் அவன் பக்கம்தானோ என்று ஒரு பயம் வந்தது. சகோதரரே, கடன்காரனுக்குப் பயப்படலாம், நோய்க்குப் பயப்படலாம். ஆண்டவர் தம்பி பக்கம் என்று நினைத்துப் பாருங்கள். அதைப்போல இருட்டு கிடையாது.

வீட்டில் முழங்கால் போட்டு வாய்விட்டே கேட்டேன். "ஆண்டவரே, என் பாதையைத் திறந்து கொடும். அவன் கடையை இழுத்து மூடும்." நாள் தவறாமல் கேட்டேன். என் மனைவி எஸ்தர் ஒரு நாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, ஜெபம் பண்றீங்களா, இல்ல செய்வினை வெக்கிறீங்களா?"

"நீ போய் சோத்தப் பாரு."

"சோறு வெந்துச்சு. உங்க மனசுதான் வேவல."

மறுபடியும் முழங்கால் போட்டு அதையேதான் கேட்டேன்.

அடுத்த வருஷம் ஆடி மாதம். கேஸ் கூப்பிட்டார்கள். எங்கள் நீதிபதி ஐயா இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "கூடப் பிறந்தவங்களா?" என்று கேட்டார். வக்கீல்கள் ஆமாம் என்றார்கள். கேஸைப் பேசித் தீர்க்க இப்போது சட்டத்திலேயே வழி வந்திருக்கிறது, அடுத்த கோர்ட்டில் இருக்கிற நீதிபதி அம்மாவிடம் போய்ப் பேசுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு ஏமாற்றம். தீர்ப்பு வேண்டும் என்றல்லவா உபவாசம் இருந்தேன்? அவன் தோற்பதை நாலு பேர் பார்க்க வேண்டாமா? பேச்சுக்குத்தான் என்றால் பஞ்சாயத்து போதாதா?

நீதிபதி அம்மாவுக்கு என் மூத்த மகள் வயசு இருக்கும். மேடையில் இல்லை, அவர்கள் அறையில், ஒரு மேஜைக்கு எதிரே எங்களை உட்கார வைத்தார்கள். கோர்ட்டில் என்னை உட்காரச் சொன்னது அன்றுதான். ஃபேனுக்கு நேர் கீழே இருந்த நாற்காலி சாமுவுக்குப் போனது. அதையும் கவனித்தேன்.

அந்த அம்மா சொன்னார்கள். "இங்க நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். நீங்க பேசுறது எதுவும் கேஸ்ல சேராது. பேச்சு முடியலைன்னா கேஸ் பழைய கோர்ட்டுக்கே போயிடும், நான் அதைத் தொடவே மாட்டேன். அதனால எங்கிட்ட மனசுல இருக்கறதைப் பேசலாம். ஒவ்வொருத்தரையும் தனியாவும் கேட்பேன். ஒருத்தர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாம இன்னொருத்தர்கிட்ட சொல்ல மாட்டேன்."

முதலில் நான். என் கதை எல்லாம் சொன்னேன். செங்கல் சுமந்தது, காம்பவுண்டு சுவர்கள், இன்ஜினியர்கள் என்னைக் கேட்டது, கிணறு, சரளைக்கல், பாகம் பிரித்த முறை, எல்லாம். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்கள். பெற்ற பிள்ளைகள்கூட அவ்வளவு கேட்டதில்லை.

"உங்க தம்பி ஏன் கேட்டைப் பூட்டினாருன்னு நினைக்கிறீங்க?"

"பொறாமைம்மா. நான் ரூம் கட்டி முன்னேறிட்டேன்னு அவனுக்குப் பொறாமை."

"உங்களுக்கு?"

நான் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தேன். அவர்கள் வற்புறுத்தவில்லை.

பிறகு சாமு உள்ளே போனான். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். போனான், போனான், வரவே இல்லை. என்னிடம் பேசியதைவிட ரொம்ப நேரம். அங்கேயும் அவனுக்குத்தான் கூடுதலா? இங்கேயும் அவன் புகழ்ச்சி வாங்குகிறானா? கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஆள் கூப்பிடுகிற டவாலி சிரித்தார்.

"இன்னா பெருசு, கதவையே மொறச்சிக்கினு கீற? உள்ள இன்னா பிரசவமா நடக்குது?"

"என் தம்பி உள்ள கீறான்."

"அதான் கேக்கறேன். ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையான்னு சொல்லி அனுப்புவாங்க, கம்முனு குந்து."

சாமு வெளியே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. என்னை மறுபடியும் கூப்பிட்டார்கள்.

"உங்க தம்பி சம்மதம் கொடுத்ததால ஒரு விஷயம் மட்டும் கேட்கறேன். அவர் வீட்டுல பொம்பளைங்க குளிக்கற இடம் எங்க இருக்கு?"

"பாதை ஓரந்தாம்மா. அங்கதான் அடிபம்பு கீது. கீத்துத் தடுப்பு போட்டு வச்சிருக்கான்."

"உங்க ரூம் பசங்க அந்தப் பாதையில எப்பெப்ப போவாங்க?"

எனக்குத் தெரியாத ஷிப்டா? விரல் விட்டுச் சொன்னேன். "விடிகாலம் ஏ ஷிப்ட் போவும். அது போன கையோட நைட் ஷிப்ட் வந்து எறங்கும். அப்பால ஜெனரல். மத்தியானம் பி ஷிப்ட் போவும், ஏ ஷிப்ட் வரும். சாயங்காலம் ஜெனரல் திரும்பும். நடுவுல ஓ.டி. பாத்தவன் எப்ப வேணா வருவான்."

"சரி. அப்படின்னா அவரோட ரெண்டு பொண்ணுங்களும் எப்ப குளிப்பாங்க?"

நான் விட்ட விரல்களையே பார்த்தேன். நடுவில் ஒரு இடைவெளிகூட இல்லை.

கீற்றுத் தடுப்பு எனக்குத் தெரியும். அதில் ஓட்டை இருப்பதும் தெரியும். தொழில்காரன் கண்ணுக்கு அது முதலில் தெரியும். என்ன மட்டமான வேலை என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏளனமாக நினைத்திருக்கிறேன். அதற்குப் பின்னால் என் தம்பி பெண்கள் நிற்கிறார்கள் என்று நினைத்ததில்லை.

அவன் ஏன் இதை மனுவில் எழுதவில்லை? கேட்டேன். அந்த அம்மா சாமுவை உள்ளே அழைத்து, "நீங்களே சொல்லுங்க" என்றார்கள். சாமு தரையைப் பார்த்துப் பேசினான்.

"பாதை கீதுன்னு ஒத்துக்கினா ஏன் பூட்டினன்னு கேப்பாங்க. எவனோ எட்டிப் பாத்தான்னு எழுதணும். பொண்ணுங்க பேரு கோர்ட்டு காயிதத்துல ஏறும். நாளைக்கு எவன் கட்டுவான்? அதான் பாதையே இல்லன்னு எழுதச் சொல்லிட்டேன். பொய்தான்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடா?"

"உங்கிட்டயா? நீ என் கடையப் பாக்கற பார்வைக்கு, உங்கிட்ட வந்து என் பொண்ணப் பத்தி பேசுவனா?"



அந்த அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு சொன்னார்கள். "உங்க வழக்கப்படி பெரியவர் பிரிச்சாரு, சின்னவர் எடுத்தாரு. இன்னிக்கு மாத்திப் பண்ணுவோம். சின்னவர் ரெண்டு வழி சொல்லட்டும். பெரியவர் ஒண்ணை எடுக்கட்டும். ரெண்டுமே ஒத்துவரலைன்னா விட்டுடலாம், கட்டாயம் இல்ல."

சாமு யோசித்தான். "ஒன்னு, பழைய பாதையே தொறந்து வுட்றேன். ஆனா அடிபம்புலருந்து கேட்டு வரைக்கும் ஆள் ஒயரத்துக்கு மேல செவுரு வேணும். என்னால இப்ப கட்ட முடியாது. அண்ணன்தான் கட்டணும். அவரு கட்டமாட்டாரு." பிறகு சொன்னான். "இன்னொன்னு, கெழக்கால என் கடை நிக்கிற எடம். கடைய எடுத்துட்றேன். அதுலயே நேரா ரோட்டுக்குப் பாதை வுட்டுக்கட்டும்."

"கடையை எடுத்துட்டா நீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்கள்.

"எதுனா கம்பெனில கூட்டற வேலைக்குப் போறேம்மா."

பார்த்தீர்களா? நான் எதைக் கேட்டேன்? பாதையைத் திற, கடையை மூடு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஆண்டவர் என் முன்னே நீட்டிவிட்டார். செங்கல்கூட நான் எடுத்து வைக்க வேண்டாம். எனக்கு நேரான, அகலமான, பஸ் நிற்கிற இடத்துக்கே போகிற வழி. "கிழக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பத்து நிமிஷம் ஜெபம் பண்ணிட்டு வரேம்மா" என்றேன். "போயிட்டு வாங்க, அவசரமே இல்ல" என்றார்கள்.

வெளியே வந்து, டைப் அடிக்கிறவர்கள் உட்காரும் மரத்தடியில் நின்றேன். கண்ணை மூடினேன். ஜெபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. எடு, எடு என்றது. அவன் அன்றைக்கு எடுத்தானே, நீ இன்றைக்கு எடு என்றது. கடை இல்லாத அந்த இடத்தை மனசில் பார்த்தேன். பையன்கள் அதன் வழியாகப் போகிறார்கள். நானும் போகிறேன். சபைக்குப் போகும்போது, சந்தைக்குப் போகும்போது, தினமும் என் தம்பியின் அடுப்பு இருந்த இடத்தை மிதித்துப் போகிறேன். அவன் யூனிபார்ம் போட்டுத் துடைப்பத்தோடு பஸ் ஏறுகிறான். அவன் பெண்கள் அந்தக் கீற்றுத் தடுப்புக்குள்ளேயே நிற்கிறார்கள்.

"ஆண்டவரே, எனக்கு அது வேணும்" என்றுதான் சொன்னேன். பொய் சொல்லி ஜெபிக்கத் தெரியாது எனக்கு. "எனக்கு வேணும்யா. அந்த வேணுங்கறத நீ எடுத்துக்கோ. என்னால எடுத்துப் போட முடியல."

அவ்வளவுதான் ஜெபம். சத்தம் எதுவும் வானத்திலிருந்து வரவில்லை. ஆனால் உள்ளே போய் வாயைத் திறந்தபோது வந்த வார்த்தை நான் யோசித்து வைத்ததல்ல.

"செவுரு நான் கட்டறேம்மா."

சாமு நிமிர்ந்து பார்த்தான்.

"ஒம்போது இஞ்சு செவுரு. ரெண்டு பக்கமும் பூச்சு. நானே நின்னு கட்டுவேன், ஆள வுட்டு இல்ல."

"மேல ஷீட்டும் போட்டுத் தரியாண்ணா?" என்றான் அந்தக் கேடி.

"டேய், இதுக்கு மேல கேட்ட, கேஸையே நடத்துவோம்டா."

நீதிபதி அம்மா சிரித்துவிட்டார்கள். நாங்கள் ஒத்துக்கொண்டதை வக்கீல்களை வைத்து எழுதி, எனக்காக ஒவ்வொரு வரியையும் தமிழில் சத்தமாகப் படித்துக் காட்டி, சரியா, சரியா என்று கேட்ட பிறகே கையெழுத்து வாங்கினார்கள். அதுவே கோர்ட்டு உத்தரவாக, டிகிரியாக ஆனது. பெண்களைப் பற்றி அதில் ஒரு எழுத்து கிடையாது. ஒரு சுவர், ஒரு பாதை, அவ்வளவுதான்.

அந்த மாதமே கட்டினேன். ஷீட்டும் போட்டேன், வேறென்ன செய்ய? கடைசிச் செங்கல் வரி வைக்கும்போது சாமு மனைவி பின்பக்கம் வந்து நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் எதிரே நின்று பேசாதவள்.

"மாமா, இன்னும் ரெண்டு வரி ஏத்துங்க. பஸ்ஸு மேலருந்து பாக்கறாங்க."

ஏற்றினேன். அந்தச் சுவரைப்போல ஒரு சுவரை நான் எந்தக் கம்பெனிக்கும் கட்டியதில்லை.

பூட்டுத் தொங்கிய ரூம்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தண்டலம் போன சாத்தூர்ப் பையனே திரும்பி வந்தான். என் ரூமிலிருந்து பஸ்ஸுக்குப் போகிற பையன்கள் சாமு கடையில் டீ குடித்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள். நானும் குடிக்கிறேன். என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்கிறான். வைத்துவிட்டு வருகிறேன்.

பாதை திறந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் நான் சாட்சி சொல்ல எழுந்தேன். எனக்கு முன்னால் அவன் எழுந்துவிட்டான்! "கடையைக் கொடுக்கவும் ஆண்டவர் எனக்கு மனசு தந்தார்" என்றான். எல்லோரும் அழுதார்கள். ஆமென் சத்தம் கூரையைத் தூக்கியது. கொடுக்கிறேன் என்று சொன்னவனுக்கு அவ்வளவு ஆமென். வேண்டாம் என்று சொன்னவனுக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் இதை எழுத்தில் கொடுக்கிறேன்.

சிரிக்காதீர்கள். பொறாமை என்னைவிட்டு முழுசாகப் போய்விட்டது என்று நான் சாட்சி சொல்ல வரவில்லை. கடையில் கூட்டம் நிற்கும்போது இன்னும் உள்ளே சுருக்கென்கிறது. ஆனால் இப்போது அதை வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. அந்த இடத்திலேயே அவரிடம் சொல்லிவிடுகிறேன். என் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் சாமு பேரும் அவன் பெண்கள் பேரும் முதலில் வருகின்றன. எஸ்தர் இப்போது எட்டிப் பார்ப்பதில்லை, பக்கத்தில் வந்து முழங்கால் போடுகிறாள். என் கேஸைக் கையில் எடுத்த அந்த நீதிபதி அம்மாவுக்காகவும் ஜெபிக்கிறோம். அவர்கள் என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆண்டவர் எனக்குப் பதில் அனுப்பியது அவர்கள் மேஜைக்குத்தான்.

உங்களில் யாருக்காவது கூடப் பிறந்தவனோடு கோர்ட்டில் கேஸ் இருக்கலாம். பேசிப் பாருங்கள் என்று நீதிபதி சொன்னால் போய் உட்காருங்கள். போவதற்கு முன் ஜெபியுங்கள். நல்ல மனசு வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எரிகிற வயிற்றோடேயே வாருங்கள். நான் அப்படித்தான் போனேன். அவர் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.